வெறுங்கையோட வரக்கூடாது

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. அந்தப் பையைக் கீழ வைங்க, நான் காலால அணைச்சுப் பிடிச்சுக்கிறேன். நீங்க வெள்ளூரணிதான? கண்டக்டர்ட்ட விசாரிச்சுட்டுத்தான் இங்க வந்தேன். முன்னால அம்புட்டு சீட்டு காலியாக் கெடக்கு, இவ எதுக்கு நம்மளை வந்து இடிக்கான்னு நினைக்காதீங்க. உங்க ஊர்க்காரங்க யார்ட்டயாவது ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டா எனக்கும் பாரம் இறங்கும், உங்க ஊருப் பிள்ளைகளுக்கும் நல்லது.

உங்க ஊரு பால்வாடியில ஒரு பொட்டப்பிள்ளை புதுசா வந்து சேந்திருக்கும். மாரிக்கனின்னு பேரு. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்கும். நாலு வயசாச்சு, இன்னும் பேச்சு சரியா வராது. ஆத்தாக்காரி இசக்கியம்மா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ. அந்தப் பிள்ளை கையால உங்க ஊருப் பிள்ளைக எதையும் வாங்கித் திங்கக் கூடாது. பக்கத்துலயே சேக்கக் கூடாது. பால்வாடியை விட்டே அதை அனுப்பிரணும். அதைத்தான் வீடு வீடாச் சொல்லிட்டு வரலாம்னு கிளம்பியிருக்கேன்.

போன மாசமும் ஒருவாட்டி வந்தேன். டீச்சரம்மாகிட்ட சொன்னா, என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, "ஏம்மா, அது பச்சைப்பிள்ளை, அதைப் போயி"ன்னாங்க. பச்சைப்பிள்ளையாம். அவங்களுக்கு என்ன, சம்பளம் வருது. குழாயடியில நின்ன பொம்பளைகதான் குடத்தைக் கீழ வச்சுட்டு நின்னு கேட்டாங்க. ஆனா நாலு பொம்பளைக்குத் தெரிஞ்சா போதுமா? ஊருக்கே தெரியணும்ல.

ஏன்னு கேக்க மாட்டீங்களா? எம்புள்ளையக் கொன்னுட்டாக்கா.

அப்படிப் பாக்காதீங்க. எனக்கு ஒண்ணும் புத்தி பிசகலை. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பாக்காரு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. இன்னும் பாலம் தாண்டி, கல்குவாரி தாண்டி, எம்புட்டோ தூரம் போகணும்ல.

எங்களுக்குச் சொந்த வளவுக்கா. நடுவுல முத்தம், சுத்தி வீடு. முன் வீட்டுல நாங்க, மத்ததையெல்லாம் வாடகைக்கு விட்டிருக்கோம். எங்க மாமனாரு கட்டுனது. எங்க வீட்டுக்காரரு லாரிக்குப் போறவரு, வந்தா வருவாரு. கல்யாணம் ஆகி ரொம்ப வருசம் கழிச்சுப் பிறந்தவன் சர்வேசு. சர்வு, சர்வுன்னு வளவே கூப்பிடும். அவன் பிறக்கறதுக்கு முன்னாடி நான் கேக்காத பேச்சில்ல, போகாத கோயிலில்ல. அதெல்லாம் இப்ப எதுக்கு.

அவன் ஒரு மாதிரிப் பிள்ளைக்கா. எல்லாப் பிள்ளையும் கைக்கு வந்ததை வாயில போடும். இவன் அடுத்தவன் வாயில போடுவான். நடக்கப் பழகுன புதுசுல ஒரு பிஸ்கோத்து குடுத்தா, ஒரு கடி கடிச்சுட்டு எச்சியோட என் வாயில கொண்டாந்து திணிப்பான். நான் தின்னாத்தான் மிச்சத்தைத் தின்பான். எனக்கு ஒத்தைத் தலைவலி வரும். படுத்துட்டேன்னா, எங்கிருந்தாவது தைல டப்பாவைத் தேடி எடுத்துட்டு வந்துருவான். மூடி திறக்கத் தெரியாது. டப்பாவை அப்படியே நெத்தியில வச்சுத் தேய்ப்பான், எனக்கு வலி உயிர் போகும். யாரும் சொல்லிக்குடுக்கலைக்கா. அதா வந்துச்சு அவனுக்கு.

அதுதான் எனக்குப் பயமாவும் இருந்துச்சு. இப்படி வாரிக் குடுக்கறவனை இந்த ஊரு உரிச்சுத் தின்னுரும்ல? அதனால சின்னதுல இருந்தே சொல்லிக்குடுத்தேன். "சர்வு, யாருக்குக் குடுக்கணும்?"னு கேட்டா, "நமக்குக் குடுக்கறவங்களுக்கு"ன்னு சொல்லணும். "குடுக்காதவங்களுக்கு?" "வவ்வே!" சொல்லிட்டு நாக்கை நீட்டுவான். வளவுல எல்லாரும் சிரிப்பாங்க. வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொல்லச் சொல்லிக் காமிப்பேன்.

நான் ஒண்ணும் குடுக்காதவ இல்ல. தப்பா நினைச்சுக்கிடாதீங்க. பக்கத்து வீட்டுல இருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தா, அந்தக் கிண்ணத்தை நான் வெறும் கிண்ணமாத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவேன். எங்க அம்மா வளத்த வளப்பு அப்படி. வாங்குனா திருப்பிக் குடுக்கணும். வெறுங்கையோட யார் வீட்டுக்கும் போகக் கூடாது. இது தப்பா? நீங்களே சொல்லுங்க.

இந்த இசக்கியம்மா கடைசி வீட்டுக்கு வாடகைக்கு வந்தா. புருசன் விட்டுட்டுப் போயிட்டான். காலங்காத்தால ஆபீசு வேன் வந்துரும், அதுல போனா பொழுது சாய்ஞ்சுதான் வருவா. பிள்ளை பால்வாடிக்குப் போகும், மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு அதுபாட்டுக்கு வளவுக்கு வந்துரும். எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கும். கேக்காது. அதுதான் எனக்கு எரிச்சலே. கேட்டுத் தொலைச்சா ஒண்ணு குடுக்கலாம், இல்ல போன்னு விரட்டலாம். இது சும்மா நிக்கும். என்னையப் "பெரிம்மா"ன்னு கூப்பிடும். நான் எந்த ஊருப் பெரியம்மா அதுக்கு?

சர்வுக்கு அதைக் கண்டா போதும். முறுக்கை ஒடிப்பான், பாதியை நீட்டுவான். வாழைப்பழத்தைப் பிப்பான், பெரிய துண்டு அதுக்கு. "நமக்குக் குடுக்கறவங்களுக்குத்தானடா?"ன்னு நான் கண்ணை உருட்டுனா, "அவ பாப்பாம்மா"ம்பான். பாப்பாவாம். இவனுக்கு அஞ்சு வயசு. இவன் பெரிய மனுசன்.

ஒருநாள் பொறுக்க மாட்டாம அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "ஏட்டி, தினம் வாங்கி வாங்கித் திங்கிறியே, நீ அவனுக்கு என்னத்தைக் குடுத்த?"ன்னேன். சும்மா வாய்க்குத்தான் கேட்டேன். அது என்னையவே பாத்துச்சு. அப்புறம் தன்னோட கையைப் பாத்துச்சு. போயிருச்சு.

மறுநாள்ல இருந்து பிடிச்சுது அக்கப்போரு. ஒருநாள் சோடா மூடி கொண்டாரும். ஒருநாள் கோழி இறகு. ஆத்தா சேலையில ஒட்டிட்டு வந்த தீக்குச்சிய ஒண்ணொண்ணாச் சேத்து வச்சுக் கொண்டாந்துச்சு. இவனும் அதையெல்லாம் வாங்கி, தங்கம் மாதிரி ஜன்னல்ல அடுக்கி வைப்பான். நான் பெருக்கித் தள்ளுவேன். ஒருநாள் பாவாடைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. என்னட்டின்னு விரிச்சுப் பாத்தா, முட்டை. பால்வாடியில போட்ட அவிச்ச முட்டைக்கா. தின்னாம, அங்க இருந்து பாவாடையில சுருட்டிக் கொண்டாந்திருக்கு. நசுங்கி, மஞ்சக்கரு எல்லாம் துணியில அப்பி, மண்ணும் மசிருமா. இவன் வாயைத் திறந்துட்டான் வாங்குறதுக்கு. எனக்கு வந்துச்சே கோவம். தட்டி விட்டேன். "சீ, எச்சியையும் மிச்சத்தையுமா எம்புள்ளைக்குக் குடுக்க? குடுக்கறதுன்னா எச்சி படாம, புதுசாக் கொண்டாரணும். கடலை, முந்திரின்னு ஓட்டோட கொண்டா. இந்த மாதிரி எடுத்துட்டு வந்த, கையை ஒடிச்சிருவேன்"னேன்.

நல்லதுக்குத்தான சொன்னேன்? இந்தக் காலத்துல எத்தனை நோய் வருது.

அப்ப முழுப்பரீட்சை லீவு. வளவுப் பிள்ளைக எல்லாம் சேந்து கூட்டாஞ்சோறு ஆக்கணும்னு ஆரம்பிச்சாங்க. உங்க ஊர்லயும் பிள்ளைக ஆக்கும்ல? எங்க வளவுக்குப் பின்னால ஒரு காலி மனை கெடக்கு, சுத்தி வேலியா என்னென்னமோ செடி. அங்க கல்லைக் கூட்டி அடுப்பு வச்சாங்க. கோமதின்னு ஒரு பிள்ளை, அஞ்சாப்புப் படிக்கா, அவதான் தலைவி. நேரா என்கிட்டத்தான் வந்தா, "யாரு யாரு என்ன கொண்டாரணும், நீங்களே சொல்லுங்க பெரிம்மா"ன்னா. சொன்னேன். ஒருத்தி அரிசி, ஒருத்தன் பருப்பு, நம்ம வீட்டுல இருந்து வெல்லமும் எண்ணெயும். கூட்டாஞ்சோறுன்னா ஆளுக்கொரு பங்கு போடணும். வெறுங்கையோட யாரு வந்தாலும் சேக்கக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொன்னேன். அதுதான முறை?

இந்தக் கனி வெறுங்கையோட வந்து நிக்குது. ஆத்தா வேலைக்குப் போயிட்டா, வீடு பூட்டிக் கெடக்கு, அது எங்க இருந்து கொண்டாரும்? எனக்கும் தெரியும். தெரியாம இல்ல. ஆனா ஒருத்திக்கு விட்டா எல்லாம் கெட்டுப்போகும்ல. கோமதி அதை வெளிய தள்ளிட்டா. இவன் ஓடி வர்றான் என்கிட்ட. "அம்மா, என் வெல்லத்துல பாதி பாப்பா கொண்டாந்ததுன்னு சொல்லும்மா"ங்கான். பாருங்க, அஞ்சு வயசுல பொய் சொல்லப் பழகிட்டான், அவளால. முதுகுல ஒண்ணு போட்டேன். "உன் பங்குக்கு நீ, அவ பங்குக்கு அவ"ன்னேன். மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுப் போனான்.

அதுதான் நான் அவனை அடிச்ச கடைசி அடி.

தண்ணி இருக்காக்கா? இருந்தாக் குடுங்க. இந்தாங்க. வாய் வைக்காமத்தான் குடிச்சேன்.

அப்புறம் நடந்தது எல்லாம் கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கனி எங்கயோ போயிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு பாவாடை நெறைய காய் பறிச்சுக்கிட்டு வந்திருக்கு. வேலியில காட்டாமணக்கு நிக்கும்ல, அந்தக் காய். உக்காந்து கல்லை வச்சு ஒண்ணொண்ணா உடைச்சு, தோலியெல்லாம் நீக்கி, உள்ள இருக்கிற வெள்ளைப் பருப்பை எடுத்து வச்சிருக்கு. பாக்க முந்திரி கணக்கா இருக்குமாம். ருசியும் கடலை மாதிரியே இருக்குமாம்க்கா. ஒரு இலையில கூட்டி வச்சு, "இந்தா, புதுசு"ன்னு நீட்டியிருக்கு. கோமதி பெரியவல்ல, "லேட்டாக் கொண்டாந்தது செல்லாது, சோறு வெந்திருச்சு"ன்னுட்டா. மத்ததும் வாங்கலை. அது மூஞ்சிய பாத்துட்டு எம்புள்ளைதான் வாங்கியிருக்கான். வாங்கித் தின்னிருக்கான். "இன்னும் இருக்கா பாப்பா?"ன்னு கேட்டுக் கேட்டுத் தின்னிருக்கான். அது உடைச்சு உடைச்சுக் குடுத்திருக்கு.

இப்ப நான் உங்களைக் கேக்கேன். அவ ஒண்ணுகூட திங்கலைக்கா. கோமதி சூடத்துல அடிச்சுச் சொல்றா. அம்புட்டையும் அவனுக்கே குடுத்திருக்கா. ஒரு பருப்பு தன் வாயில போடலை. எப்பவும் பசியோட அலையுற பிள்ளை, வாசல்ல வந்து வந்து நிக்கிற பிள்ளை, கையில அம்புட்டையும் வச்சுக்கிட்டு ஏன் திங்கலை? விசம்னு தெரிஞ்சுதான? இல்லாட்டி ஏன் திங்கலை, சொல்லுங்க? எங்க வீட்டுக்காரர்ட்டக் கேட்டேன், எழுந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

சர்வு கேட்டானாம், "உனக்குப் பாப்பா?"ன்னு. "நீதான் நெறையக் குடுத்தல்ல"ன்னாளாம். என்னா பேச்சு பாருங்க. பேச்சே வராதுங்காங்க அதுக்கு.

கொஞ்ச நேரத்துல வாந்தி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டான். பெரிய பிள்ளைக எல்லாம் பயந்து ஓடிப்போச்சு, எங்க நம்மளை அடிப்பாங்களோன்னு. கோமதி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கா. ஒருத்தராவது வந்து சொன்னாங்களா? ஒரு வார்த்தை?

இல்ல, அவ வந்தா. கனி வந்தா. ஆனா அது வந்ததுல சேத்தியா? நான் மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு, டிவியைப் போட்டுட்டு அப்பத்தான் தலையைச் சாச்சேன். வந்து என் முந்தானைய பிடிச்சு இழுக்குது. "பெரிம்மா வா, பெரிம்மா வா"ங்குது. "அண்ணன், அண்ணன்"னுது. அதுக்கு அண்ணன்னு சொன்னா ஆயிரம் அர்த்தம். அண்ணன் முறுக்கு குடுத்தான், அண்ணன் குடுக்கலை, அண்ணனுக்கு இறகு கொண்டாந்தேன். சோத்துல சேக்காததுக்கு என்கிட்ட நாயம் கேக்க வந்திருக்குன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான நினைப்பாங்க? கையை உதறிட்டு வெளிய தள்ளி, கொண்டியப் போட்டேன். தட்டுது. சின்னக் கையி, ஆனா விடாமத் தட்டுது. காலால உதைக்குது. சனியன் கண்ணை மூட விடமாட்டேங்குதேன்னு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். அப்புறம் சத்தமில்ல. போயிருச்சுன்னு நானும் அசந்துட்டேன்.

எந்திரிச்சு, பிள்ளையக் காணமேன்னு பின்னால போய்ப் பாக்கேன். என் தெய்வமே. அவ கால நீட்டி உக்காந்திருக்கா. எம்புள்ளை தலை அவ மடியில கெடக்கு. பாவாடையால அவன் வாயைத் தொடச்சுத் தொடச்சு, அது பூரா வாந்தி. செப்புச்சாமான்ல இருக்குமே குட்டிக் குடம், அதுல தொட்டித் தண்ணிய மோந்து மோந்து வந்து அவன் வாயில ஊத்திக்கிட்டு இருக்கா. தொட்டிக்கும் அவன் கெடந்த இடத்துக்கும் நடுவுல பூரா ஈரம். நான் வெரட்டுனப்புறம் அதைத்தான் செஞ்சிருக்கா. என்னையப் பாத்துச் சிரிக்காக்கா. "பெரிம்மா வந்துட்டாங்க"ன்னு அவன் கிட்டச் சொல்றா.

எனக்கு எப்படி இருக்கும்? எத்தி விட்டுட்டு என் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். உடம்புல இருந்த நீரெல்லாம் வத்திப்போச்சுன்னாங்க. ஏற்கெனவே அவனுக்கு அந்த வாரம் காய்ச்சல் அடிச்சு எந்திரிச்ச உடம்பு. டாக்டர் ஒரு சின்னப் பையன், நல்ல பையன். "யாரும்மா தண்ணி குடுத்தது? அதுதான் இம்புட்டு நேரம் தாக்குப்பிடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் முந்தி கொண்டாந்திருக்கலாம்"னாரு. எல்லா டாக்டரும் எல்லாருக்கும் சொல்றதுதான அது? எங்க வீட்டுக்காரர் அதையே பிடிச்சுக்கிட்டாரு. "கொஞ்சம் முந்தின்னா எப்ப? கொஞ்சம் முந்தி நீ எங்க இருந்த?"ன்னு. மறுநாள் சாயங்காலம் போயிட்டான். கண்ணைத் திறக்கவே இல்ல.

டிக்கெட் எடுத்தாச்சு கண்டக்டர் தம்பி. ரெண்டு பேருமே எடுத்தாச்சு.

காரியம் எல்லாம் முடியட்டும்னு பொறுத்திருந்தேன். அப்புறம் இசக்கியம்மாவ முத்தத்துல நிக்க வச்சு, வளவே கூடி நிக்க, கேட்டேன். "உம் மக எம்புள்ளைக்கு விசத்தைக் குடுத்தா. நீ என்ன செய்யப் போற?" அவ கால்ல விழுந்தா. நான் காலை இழுத்துக்கிட்டேன். என்ன செய்யப் போறன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன், வேற ஒரு வார்த்தை சொல்லலை. சூடு வைன்னு நான் சொல்லவே இல்ல. அவளாத்தான் உள்ள போயி கரண்டியக் காய வச்சா. பிள்ளையப் பிடிச்சு இழுத்து, "ஏன்டி குடுத்த? யாருடி உன்னையக் குடுக்கச் சொன்னது?"ன்னு அடிக்கா. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "பெரிம்மாதான் கொண்டாரச் சொன்னாங்க."

பாத்தீங்களா! நாலு வயசுல! பழியத் தூக்கி என் தலையில போடுது! வளவே என்னையத் திரும்பிப் பாக்குது. "வாயைப் பாருங்க, வாயைப் பாருங்க"ன்னு நான் கத்துனேன். அவ்வளவுதான், இசக்கியம்மா உள்ளங்கையில இழுத்துட்டா. இந்தக் கையால இனிமே யாருக்கும் எதையும் குடுப்பியான்னு கேட்டுக்கிட்டே. பிள்ளை போட்ட சத்தத்துல முத்தத்துல நின்ன கோழியெல்லாம் ஓடிருச்சு. எனக்கும் பாக்க முடியலை. உள்ள போயிட்டேன். நான் என்ன ராட்சசியா?

அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். முதல்ல அவ அண்ணன் ஊருக்குப் போனா. அங்க போய்ச் சொன்னேன். மதினிக்காரி சேக்க மாட்டேன்னுட்டா. அப்புறந்தான் உங்க ஊரு. எங்க போனாலும் நான் விடப்போறதில்ல. எம்புள்ளைக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாதில்ல?

ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வர்றீங்க. காத்து மூஞ்சில அடிக்குதா? அடைச்சிரட்டா?

போன மாசம் வந்தேன்னு சொன்னேன்ல. டீச்சரம்மாட்டப் பேசிட்டு வெளிய வாரேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை குடுத்துக்கிட்டு இருந்தாங்க. கனி என்னையப் பாத்துருச்சு. நான் என்ன நினைச்சேன், பயந்து ஓடும்னு நினைச்சேன். இல்லாட்டி அழும். அது "பெரிம்மா"ன்னு கத்திக்கிட்டு ஓடி வருதுக்கா. சூடு பட்ட கை சரியா விரியலை, விரலு மடங்குன வாக்குல இருக்கு. மத்தக் கையில உருண்டை. அதை என்கிட்ட நீட்டி, "அண்ணனுக்கு"ங்குது.

அண்ணனுக்காம்.

அதுக்கு யாரும் சொல்லலை போல. செத்துட்டான்னு சொன்னாலும் அதுக்கு என்ன விளங்கும்? வாங்குனேன். வாங்கி, அது கண்ணு முன்னாலயே தரையில போட்டு, செருப்புக் காலால மிதிச்சேன். நல்லா மிதிச்சேன். இப்பவாவது அழட்டும்னு. அது கீழ பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. "விழுந்திருச்சா?"ன்னுச்சு. உள்ள ஓடிருச்சு. நான் செருப்பைத் தரையில தேச்சுக்கிட்டு நிக்கேன், திரும்ப ஓடி வருது, இன்னொரு உருண்டையோட. டீச்சர்ட்டக் கேட்டு வாங்குச்சோ, வேற பிள்ளைகிட்ட வாங்குச்சோ. என் கையைப் பிடிச்சு, உள்ளங்கையில அதை வச்சு, விரலை ஒண்ணொண்ணா மடக்கி விடுது. விழாம இருக்கணும்னு.

பஸ்சுல ஏறி உக்காந்துதான் கையைத் திறந்தேன். தூக்கி எறியத்தான் நினைச்சேன். எறியலை. தின்னுட்டேன். விசமாத்தான் இருக்கும், நாமளும் போயிரலாம், அவன்கிட்டப் போயிரலாம்னு நினைச்சுத் தின்னேன். வெல்லமும் மாவுமா நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகலை. வீடு வந்து சேந்தேன், விளக்கேத்துனேன், படுத்தேன். ஒண்ணுமே ஆகலை எனக்கு.

அக்கா, என்ன, அழுகுறீங்களா? எம்புள்ளைக்காக இம்புட்டு அழுதது நீங்க ஒருத்திதான்.

என்னது? எம்புள்ளைக்கு இல்லையா? அந்தக் கனிக்கா?

நீங்க எதுத்த வீடா? இசக்கியம்மா குடியிருக்கிற வீட்டுக்கு எதுத்த வீடா? அப்ப முதல்லயே உங்களுக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் கேட்டீங்க?

என்ன சொல்றீங்க? பைய, பைய சொல்லுங்க, இந்த என்ஜின் சத்தத்துல கேக்க மாட்டேங்குது. யாரும் சேக்கறதில்லையா? நான் குழாயடியில சொன்ன மறுநாள்ல இருந்தா? தாய்மாருக எல்லாம் சண்டை போட்டு, தனியா மூலையில உக்கார வச்சிருக்காங்களா? சரி. நல்லது. அதுக்குத்தான வந்தேன். அதைச் சொல்லத்தான வந்தேன். அப்ப நான் வந்த வேலை முடிஞ்சுபோச்சு.

இருங்க, போகாதீங்க, ஊரு வந்துட்டா என்ன, கண்டக்டரு நிறுத்துவாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உருண்டை குடுத்தா வாங்குவாள்ல? வாங்குறதில்லையா? கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்காளா? டீச்சரம்மா ஊட்டி விட்டாத்தான் வாயைத் திறக்காளா? பேசவே மாட்டேங்காளா? பெரிம்மான்னு, அண்ணன்னு, ஒண்ணுமேவா?

அப்ப அண்ணனுக்குன்னு எடுத்து வைக்கறதில்லையா? எதையுமே?

அக்கா, கொஞ்சம் நில்லுங்கக்கா. எங்க வீட்டுல அவன் தட்டைக்கூட எடுத்துப் பரண்ல போட்டாச்சு. அவருக்கு அவன் பேரைச் சொன்னாலே ஆகலை. அவ ஒருத்திதான் வச்சுக்கிட்டு இருந்தா. அவளும் வைக்கலைன்னா எம்புள்ளைக்கு இனிமே யாருக்கா எடுத்து வைப்பா?